பாகங்கள் கழற்றிய காரைச் சாலையில் இழுத்துச் செல்லலாமா? பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் பழைய கார் வைத்திருப்பவர்கள் செலவைக் குறைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தங்கள் காரைப் போலவே இன்னொன்றை, எம்ஓடி எனப்படும் ஆண்டுத் தகுதிப் பரிசோதனையில் தோற்றுப்போனதை, அடிமாட்டு விலைக்கு வாங்குவார்கள். கதவு, விளக்கு, ஆல்டர்னேட்டர், கியர்பாக்ஸ் என்று வேண்டியதைக் கழற்றிக்கொள்வார்கள். சில மாதங்களில் வீட்டு முற்றத்தில் ஒரு வெற்றுக்கூடு மட்டும் நிற்கும். பழைய இரும்பு எடுக்கும் இடம் ஐந்தாறு மைல் தொலைவில்தான் இருக்கும். நண்பரிடம் ஒரு வேனும் ஒரு கயிறும் இருக்கும். இந்த நிலையில்தான் அந்தக் கேள்வி எழுகிறது: இதைக் கட்டி இழுத்துக்கொண்டு போனால் என்ன?

ஊரில் பழுதான வண்டியை லாரிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. ஆனால் இங்கே அந்த ஐந்து மைல் பயணத்தில் சாலை வரி, இன்ஷூரன்ஸ், எம்ஓடி, பிரேக், ஓட்டுநர் உரிமம் என்று ஐந்து சட்டங்கள் ஒரே நேரத்தில் குறுக்கே வரலாம். கீழே சொல்லியிருப்பவை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்தின் விதிகள் தனி.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் காகித வேலை

கார் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அதற்குச் சட்டப்படி பொறுப்பானவர் நீங்கள். முந்தைய உரிமையாளர் கட்டியிருந்த சாலை வரி உங்களுக்கு மாறி வராது. அவர் ‘வண்டி சாலையில் இல்லை’ என்று கொடுத்திருந்த அறிவிப்பும் வராது. அந்த அறிவிப்பை இங்கே எல்லோரும் ‘சோர்ன்’ என்று சொல்கிறார்கள். அதை உங்கள் பெயரில் நீங்களே புதிதாகக் கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது. வி5சி எனப்படும் லாக்புக் உங்கள் பெயரில் வந்துவிட்டால், அதிலுள்ள 11 இலக்க எண்ணைக் கொண்டு, வண்டிப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவின் இணையதளத்தில் சில நிமிடங்களில் முடித்துவிடலாம்.

பாகங்களைக் கழற்றப்போகிறவருக்குச் சோர்ன் கட்டாயம். வரியும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் ஒரு காரை வைத்திருக்க அது ஒன்றே வழி. 2011 முதல் இங்கே ஒரு கார் சும்மா நின்றாலும் ஒன்று அதற்கு இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும், அல்லது சோர்ன் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் கணினிப் பதிவேடுகளை ஒப்பிட்டே வீட்டுக்கு அபராதக் கடிதம் அனுப்பிவிடுவார்கள். போலீஸ் வந்து பார்க்க வேண்டும் என்பதில்லை.

சோர்ன் கொடுத்த வண்டி தனியார் இடத்தில் மட்டுமே நிற்க வேண்டும். உங்கள் கராஜ், முற்றம், நண்பரின் பண்ணை, எதுவானாலும் சரி. வீட்டுக்கு முன்னால் இருக்கும் தெரு உங்களுடையது போலத் தோன்றினாலும் அது பொதுச் சாலைதான். முன்பதிவு செய்த எம்ஓடி போன்ற பரிசோதனைக்கு ஓட்டிச் செல்வது ஒன்றுதான் சோர்ன் வண்டி சாலைக்கு வரக்கூடிய சந்தர்ப்பம். வேறு காரணத்துக்குச் சாலையில் பயன்படுத்தினால் நீதிமன்றம் 2,500 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். இழுத்துச் செல்வதற்கென்று தனியாக ஒரு விலக்கும் இல்லை.

தெருவில் வைத்துக் கழற்றலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005ஆம் ஆண்டின் தூய சுற்றுப்புறச் சட்டப்படி, தொழிலாக அல்லது லாபத்துக்காகத் தெருவில் கார் வேலை பார்ப்பது குற்றம். சொந்தக் காருக்குத்தான் செய்தேன் என்று காட்டினால் தப்பலாம். ஆனால் அக்கம்பக்கத்தாருக்கு நியாயமான எரிச்சலை உண்டாக்கியிருந்தால் அந்தச் சமாதானமும் எடுபடாது. இங்கே அண்டை வீட்டார் நேரில் வந்து சண்டை போட மாட்டார்கள். கவுன்சிலுக்கு எழுதிவிடுவார்கள்.

எதைக் கழற்றக் கூடாது

கூட்டை ஏற்றிச் செல்ல வருகிறவர் தொலைபேசியில் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். வண்டி உருளுமா? ஸ்டியரிங் திரும்புமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் ஒரு வின்ச் போதும், பத்து நிமிட வேலை. ‘இல்லை’ என்றால் கிரேன் வைத்த லாரி வேண்டும், விலையும் ஏறும்.

ஆகவே நான்கு சக்கரங்களும், அவற்றைத் தாங்கும் சஸ்பென்ஷனும், ஸ்டியரிங்கும் கடைசி வரை வண்டியிலேயே இருக்கட்டும். நல்ல அலாய் சக்கரங்களை எடுத்துக்கொள்ள வேண்டுமானால், தேய்ந்த பழைய இரும்புச் சக்கரங்களை மாட்டிவிடுங்கள். சாவியையும் தொலைக்காதீர்கள். சாவி இல்லாமல் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் முன்சக்கரங்கள் ஒரு பக்கமாகத் திரும்பியபடி நின்றுவிடும். அப்படி நிற்கும் காரை ஒரு குறுகிய முற்றத்திலிருந்து வெளியே எடுப்பது பெரும் பாடு. கைபிரேக்கும் வேலை செய்யட்டும். டிரெய்லரில் ஏறியபின் அது உதவும்.

இழுக்கும் கொக்கி, அது மாட்டும் மரைத்துளை, காரின் உடற்சட்டத்தில் பொறித்திருக்கும் அடையாள எண் மூன்றையும் தொடாதீர்கள். அடையாள எண் இல்லாத கூட்டை முறையான பழைய இரும்பு யார்டு எதுவும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். பாகங்களுக்காகக் கார் வாங்கும் போதே எண் அழிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. அழிந்திருந்தால் விலையைக் கேட்காமலே திரும்பிவிடுங்கள்.

இது இன்னும் காரா, வெறும் இரும்பா

எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை, இருக்கைகூட இல்லை. ‘இது மோட்டார் வண்டியே அல்ல, பிறகு எதற்கு வரியும் இன்ஷூரன்ஸும்?’ என்ற வாதத்தைப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் ஆபத்து.

இங்கிலாந்து நீதிமன்றங்கள் 1960களின் தொடக்கத்திலேயே இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டன. ஸ்மார்ட் – ஆலன் வழக்கில் ஒருவர் பழைய ரோவர் கார் ஒன்றை 2 பவுண்டுக்கு, உடைப்பதற்கென்றே வாங்கியிருந்தார். எஞ்சின் துருப்பிடித்து இறுகியிருந்தது. கியர்பாக்ஸ் இல்லை, பேட்டரி இல்லை, டயர்களும் உருப்படியாக இல்லை. சாலையில் இருந்த அந்தக் காருக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்று அவர் மீது வழக்கு. மேல்முறையீட்டில் அவர் வென்றார். மறுபடி ஓட வைக்க நியாயமான வாய்ப்பே இல்லாத நிலைக்கு ஒரு வண்டி போய்விட்டால் அது சட்டப்படி மோட்டார் வண்டி ஆகாது என்றது நீதிமன்றம்.

இதை மட்டும் கேட்டுவிட்டுக் கயிற்றை எடுக்க வேண்டாம். ஏறக்குறைய அதே காலத்தில் நடந்த நியூபெரி – சிம்மண்ட்ஸ் வழக்கு எதிர்ப்பக்கம் போனது. எஞ்சின் எடுக்கப்பட்டுவிட்டது என்பதாலேயே ஒரு கார் மோட்டார் வண்டி என்ற தகுதியை இழந்துவிடாது, விரைவில் வேறு எஞ்சின் வைக்கும் சாத்தியம் இருந்தால் அது கார்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எலியட் – கிரே வழக்கு இன்னும் கடுமை. பழுதாகி வீட்டு வாசலில் நின்ற, ஓட்டவே முடியாத காருக்குக்கூட இன்ஷூரன்ஸ் தேவை என்று அதில் முடிவானது. சாலையில் வைத்திருப்பதே ‘பயன்படுத்துவது’ என்று நீதிபதிகள் பொருள் கொண்டார்கள்.

ஆக, உங்கள் கூடு இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறது? எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்பக்கத் துணைச்சட்டமும் போய், துருவில் தரைத்தகடும் பொத்தலாகிவிட்டதா? ஸ்மார்ட் பக்கம் நிற்க வழி உண்டு. எஞ்சினை மட்டும் எடுத்துவிட்டு மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா? நியூபெரி பக்கம்தான். நடுவில் இருப்பவை எத்தனையோ. அந்தத் தீர்மானத்தைச் சாலையோரத்தில் நிற்கும் போலீஸ்காரர் உங்களுக்குச் சாதகமாக எடுக்க வேண்டிய அவசியமில்லை. பின்னால் தொங்கும் எண் பலகையைக் கேமரா படித்து, சோர்ன் வண்டி என்று சொல்லியிருக்கும். நீங்கள் உங்கள் சட்ட வாதத்தை மாஜிஸ்ட்ரேட் முன்புதான் வைக்க முடியும். இரும்பு விலையை விட வக்கீல் செலவு அதிகம்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. மோட்டார் வண்டி அல்ல என்று நீங்கள் வென்றாலும் கதை முடியவில்லை. 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, மோட்டார் வண்டியால் இழுக்கப்படும் எந்த வண்டியும் டிரெய்லர்தான். கார் என்ற பெயரை உதறிய அடுத்த நொடி அது டிரெய்லர் ஆகிவிடுகிறது. டிரெய்லருக்கான பிரேக், டயர், விளக்கு விதிகள் எல்லாம் அதன் மேல் வந்து உட்காரும்.

கயிறு

பழுதான காரைக் கயிற்றில் கட்டி இழுப்பதைச் சட்டம் முற்றாகத் தடுக்கவில்லை. இரண்டு வண்டிகளுக்கும் இடையே 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இடைவெளி 1.5 மீட்டரைத் தாண்டினால், பக்கவாட்டில் வருபவர்களுக்குக் கயிறு தெளிவாகத் தெரிய வேண்டும். நடுவில் ஒரு சிவப்புத் துணியோ, பளிச்சென்ற நிறப் பட்டையோ கட்டுவது அதற்காகத்தான். பின்வண்டியின் முதுகில் ‘இழுத்துச் செல்லப்படுகிறது’ என்ற பலகையும் வைக்கிறார்கள்.

ஆனால் பின்வண்டியில் ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிரேக் போட வேண்டும். சட்டத்தின் கண்ணில் அவரும் ஓட்டுநர்தான். ஓட்டும் உரிமை பறிக்கப்பட்ட ஒருவர் இழுபடும் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்ததும் ‘ஓட்டியது’ என்றே மெக்குவைட் – ஆண்டர்டன் வழக்கில் முடிவானது. எனவே அந்த இருக்கையில் உட்காருபவருக்கு உரிமம் வேண்டும், அவர் குடித்திருக்கக் கூடாது. உறவுக்காரப் பையனை ‘சும்மா பிடித்துக்கொள்’ என்று உட்கார வைப்பது அவன் எதிர்காலத்தோடு விளையாடுவது.

இப்போது உங்கள் கூட்டைப் பாருங்கள். எஞ்சின் இல்லாததால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் இல்லை. பெடலை முழு பலத்தோடு மிதித்தாலும் பாதிதான் பிடிக்கும், அதுவும் பிரேக் குழாய்கள் முழுமையாக இருந்தால். பவர் ஸ்டியரிங் செத்துப்போயிருக்கும். இருக்கையும் இல்லை, சீட் பெல்ட்டும் இல்லை. முன் கண்ணாடியைக் கழற்றி விற்றிருந்தால் எதிர்க்காற்றும் கல்லும் முகத்தில் அடிக்கும். இப்படிப்பட்ட ஒன்றைச் சாலைக்குக் கொண்டுவருவது, இழுப்பவர், பிடிப்பவர் இருவர் மீதும் ‘ஆபத்தான நிலையிலுள்ள வண்டி’ என்ற குற்றச்சாட்டை வரவழைக்கும். அதற்கு உரிமத்தில் 3 தண்டனைப் புள்ளிகளும், 2,500 பவுண்டு வரை அபராதமும் உண்டு.

வரி, இன்ஷூரன்ஸ், எம்ஓடி எல்லாம் இழுபடும் காருக்கும் தேவை என்பதே பொது நிலை. நான்கு சக்கரமும் சாலையில் உருள்கிறது, அது இன்னும் கார். இன்ஷூரன்ஸ் இல்லாமல் மாட்டினால் நேரடியாக 300 பவுண்டு, 6 புள்ளிகள். முதல் உரிமம் எடுத்து இரண்டு ஆண்டு முடியாத புதிய ஓட்டுநர் என்றால் அந்த 6 புள்ளிகளோடு உரிமமே போய்விடும். திரும்ப முதலிலிருந்து எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு.

எம்ஓடி விதிகளில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. பரிசோதனையில் தோற்றுப்போன வண்டியை, உடைக்கப்போகும் இடத்துக்கு இழுத்துச் செல்வதற்குச் சான்றிதழ் தேவையில்லை என்று 1981ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. இதைப் படித்துவிட்டுச் சிலர், ‘உடைக்கப் போகிற வண்டியை இழுக்கலாம், சட்டமே சொல்கிறது’ என்று பரப்பியிருக்கிறார்கள். அது எம்ஓடிக்கு மட்டுமான விலக்கு, பரிசோதனையில் தோற்ற வண்டிக்கு மட்டுமானது. இன்ஷூரன்ஸைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

என் கருத்தைக் கேட்டால், பாகங்கள் கழற்றிய காருக்குக் கயிறு என்பது பேச்சுக்கே இடமில்லாத வழி.

ஏ-ஃபிரேமும் டாலியும்

ஏ-ஃபிரேம் என்பது முன்பக்கம் மாட்டும் முக்கோண இரும்புச் சட்டம். அதில் கார் நான்கு சக்கரத்திலும் உருண்டபடி ஆள் இல்லாமல் பின்னால் வரும். டாலி என்பது காரின் முன்சக்கரங்களை மட்டும் தூக்கி வைக்கும், இரண்டு சக்கரம் பூட்டிய சிறு தாங்கி. இரண்டும் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும். விற்பவர்கள் சட்டத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

ஏ-ஃபிரேமில் மாட்டிய கார் டிரெய்லராகிவிடுகிறது. வடிவமைப்பு எடை 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்கு வேலை செய்யும் பிரேக் கட்டாயம். முன்வண்டி பிரேக் போடும்போது பின்னால் வருவதும் தானாகப் பிரேக் போட வேண்டும். ‘எஞ்சினை எடுத்துவிட்டேன், இப்போது 600 கிலோதான் இருக்கும், எனக்குப் பிரேக் வேண்டாம்’ என்ற கணக்கு இங்கே உதவாது. விதி பார்ப்பது அச்சுகள் எவ்வளவு தாங்க வடிவமைக்கப்பட்டன என்பதை. நீங்கள் எத்தனை கிலோ இரும்பை உருவினாலும் அந்த எண் மாறாது. இன்றைய சாதாரணச் சின்னக் கார் எதுவுமே அந்த 750க்குள் அடங்காது.

டாலி பழுதான வண்டியைச் சாலையிலிருந்து பத்திரமான இடத்துக்கு அப்புறப்படுத்துவதற்கானது. முற்றத்தில் மாதக்கணக்கில் நின்ற கூட்டைத் திட்டமிட்டு ஊர் கடத்துவதற்கானது அல்ல. அப்படிப் பயன்படுத்தினால் டாலி ஒரு டிரெய்லர், அதன் மேல் தொங்கும் கார் இன்னொரு டிரெய்லர் என்று ஆகிவிடும். கார் ஒரு டிரெய்லரைத்தான் இழுக்கலாம்.

சரியான வழி: நான்கு சக்கரமும் மேலே

முழுக் காரையும் ஒரு டிரெய்லரின் மேல் ஏற்றிவிட்டால் சட்டச் சிக்கலில் பெரும்பகுதி கழன்றுவிடுகிறது. அப்போது அது சாலையில் உருளும் வண்டி அல்ல, சரக்கு. சரக்குக்கு வரி வேண்டாம், எம்ஓடி வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம், சோர்ன் நிலையும் குலையாது. கார் ஏற்றும் டிரெய்லர்களை நாள் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் எல்லாப் பெரிய ஊர்களிலும் உண்டு.

இனி கவனம் முழுவதும் இழுக்கும் வண்டி மேல் திரும்ப வேண்டும். அதன் லாக்புக்கில் ஓ.1 என்ற கட்டத்தைப் பாருங்கள். பிரேக் உள்ள டிரெய்லரை எவ்வளவு எடை வரை இழுக்கலாம் என்று அங்கே இருக்கும். ஒரு சின்னக் காரின் கூடு ஏழெட்டு நூறு கிலோ, டிரெய்லர் மட்டும் ஐந்தாறு நூறு கிலோ என்று வைத்துக்கொண்டாலும் கூட்டிப் பார்த்தால் ஆயிரத்து நானூறைத் தொடுகிறது. பல குடும்பக் கார்களின் வரம்பு அந்த அளவிலேயே முடிந்துவிடும். அப்படியானால் வேனோ பெரிய நான்குசக்கர இயக்க வண்டியோ தேவை. இழுக்கும் வண்டி, டிரெய்லர், சரக்கு மூன்றும் சேர்ந்த எடைக்கும் தனி வரம்பு உண்டு. அது வண்டியின் அடையாளத் தகட்டில் இருக்கும். அதற்கு மேல் போகக் கூடாது.

உரிமம்: 1997க்குப் பிறகு கார் தேர்வில் தேறியவர்கள் முன்பு கனமான டிரெய்லர் இழுக்கத் தனித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அது இல்லை. சாதாரண பிரிட்டிஷ் கார் உரிமத்திலேயே 3,500 கிலோ வரையுள்ள டிரெய்லரை இழுக்கலாம். பழைய கட்டுரைகளைப் படித்துக் குழம்ப வேண்டாம். பழகுநர் உரிமத்தில் டிரெய்லர் இழுக்கக் கூடாது. இந்தியா, இலங்கை உரிமத்தை வைத்து முதல் 12 மாதம் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த வேலையை பிரிட்டிஷ் உரிமம் உள்ள நண்பரிடம் விட்டுவிடுவதே நல்லது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்தை முன்கூட்டியே அழைத்து, டிரெய்லர் இழுப்பது உங்கள் பாலிசியில் அடங்குமா என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லரின் பின்புறம், இழுக்கும் வண்டியின் எண்ணைத் தாங்கிய மஞ்சள் பலகை இருக்க வேண்டும். பின்விளக்கு, பிரேக் விளக்கு, திருப்பு விளக்கு எல்லாம் எரிய வேண்டும், சிவப்பு முக்கோணப் பிரதிபலிப்பான்கள் இரண்டு இருக்க வேண்டும். கொக்கி கழன்றால் டிரெய்லரின் பிரேக்கை இழுத்துவிடும் மெல்லிய கம்பியை மாட்ட மறக்காதீர்கள். முதல் முறை மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் விடுவது அதைத்தான். சரக்காக ஏறிய காரின் எண் பலகை பின்னால் தெரிந்தால் மூடிவிடுங்கள். இரண்டு எண்கள் தெரிந்தால் கேமராவுக்கும் குழப்பம், உங்களுக்கும் தலைவலி.

ஏற்றும்போது கனமான பகுதி எங்கே என்று யோசியுங்கள். வழக்கமாகக் காரின் எடை எஞ்சின் பக்கம் இருக்கும். எஞ்சின் எடுத்த கூட்டில் எடை பின்னால் நகர்ந்திருக்கும். அதை வழக்கம்போல முன்முகமாக ஏற்றினால் டிரெய்லரின் பின்பாதி கனத்து, கொக்கி மேல்நோக்கித் தூக்கும். வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல நெளியத் தொடங்குவது இதனால்தான். காரைச் சற்று முன்னால் நகர்த்தியோ, திருப்பி ஏற்றியோ, கொக்கியில் மிதமான கீழ்நோக்கிய எடை விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு சக்கரங்களையும், இறுக்கிப் பூட்டும் ராட்செட் பட்டைகளால் கட்டுங்கள். கயிறு வேண்டாம். கூட்டுக்குள் வீசிவைத்த உதிரிகள், திருகாமல் சாத்தி வைத்த பானெட், பாதி கழன்ற பம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் அல்லது கட்டுங்கள். மோட்டார்வேயில் பறந்து விழும் ஒரு பானெட் ஆளைக் கொல்லும். எண்ணெயும் குளிர்விக்கும் திரவமும் வடிகிறதா என்றும் பாருங்கள். ஒரு மைல் போனதும் நிறுத்தி, பட்டைகளை மறுபடி இறுக்குங்கள். முதல் சில குலுக்கலில் அவை கட்டாயம் தளரும்.

வேக வரம்பு: டிரெய்லரோடு, நடுவில் பிரிப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், நடுவில் பிரிப்பு உள்ள இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60. மூன்று தடம் அல்லது அதற்கு மேலுள்ள மோட்டார்வேயில் வலது கடைசித் தடத்துக்குப் போகவே கூடாது.

அல்லது ஒரு தொலைபேசி அழைப்பு

மேலே சொன்னதையெல்லாம் படித்து மூச்சு வாங்குகிறதா? வாடகை, டீசல், பட்டைகள், ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் கணக்குப் போட்டால், யார்டையே வந்து எடுத்துப்போகச் சொல்வது பல நேரம் மலிவு. முழுமையான காரைப் பெரும்பாலான இடங்கள் இலவசமாகவே எடுத்துக்கொள்ளும். கூடு என்றால் பேரம் மாறும். எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரம், உடற்பகுதி போன்ற முக்கியப் பாகங்கள் இல்லாத வண்டிக்கு அவர்கள் உங்களிடம் கட்டணம் கேட்கலாம், அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. எனவே என்னென்ன கழற்றியிருக்கிறீர்கள் என்று ஒன்றுவிடாமல் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். லாரி வாசலில் நிற்கும்போது விலை பேசுவது எந்த ஊரிலும் நல்லதல்ல.

நீங்கள் அழைக்கும் இடம் ‘அங்கீகரிக்கப்பட்ட அகற்றும் நிலையம்’ ஆக இருக்க வேண்டும். பழைய வண்டிகளை உடைக்க அனுமதி பெற்ற இடம் அது, இங்கே சுருக்கமாக ஏடிஎஃப் என்பார்கள். ஊரின் காயலான் கடை போல வாசலில் வண்டியை நிறுத்தி, எடை போட்டு, நோட்டுகளை எண்ணி வாங்கிக்கொள்ளும் பழக்கம் இங்கே செல்லாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013ஆம் ஆண்டுப் பழைய உலோக வணிகர் சட்டப்படியும், ஸ்காட்லாந்தில் 2016 முதலும், பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பது குற்றம். வங்கிக் கணக்குக்குத்தான் பணம் வரும். அடையாள ஆவணமும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். ‘காசாகவே தருகிறேன், காகிதம் எதுவும் வேண்டாம்’ என்று தெருவில் சீட்டு ஒட்டியிருப்பவரை அழைக்காதீர்கள். அவர் உங்கள் கூட்டை ஏதாவது வயலோரத்தில் தள்ளிவிட்டுப் போனால், பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர்தான்.

ஒப்படைக்கும் நாள்

கூட்டோடு லாக்புக்கையும் கொடுங்கள். ஆனால் அதிலுள்ள மஞ்சள் பகுதியை, மோட்டார் வணிகருக்கு விற்றதைக் காட்டும் பகுதியை, கிழித்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு டிவிஎல்ஏவுக்கு வண்டியை ஒப்படைத்துவிட்டேன் என்று நீங்கள்தான் தெரிவிக்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். ‘யார்டு பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் வரலாம். அந்த எண் பலகை உங்களுக்கு விருப்பமான தனிப்பட்ட எண் என்றால், அதைத் தக்கவைக்கும் விண்ணப்பம் இதற்கெல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டும். வண்டி உடைக்கப்பட்டது என்று காட்டும் அழிப்புச் சான்றிதழ் பதிவானபின் எண் திரும்பாது.

கார் அல்லது சிறிய வேன் முழுதாக உடைக்கப்படும்போது நிலையம் 7 நாட்களுக்குள் அழிப்புச் சான்றிதழ் தர வேண்டும். அது வரும் வரை சட்டப் பொறுப்பு உங்கள் தலையில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். ஒரு வாரம் கடந்தும் வராவிட்டால் நிலையத்தை அழைத்துக் கேளுங்கள். மஞ்சள் சீட்டு, வங்கியில் பணம் வந்த பதிவு, ஏற்றும்போது எடுத்த ஒரு புகைப்படம், இந்த மூன்றும் கையில் இருந்தால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடியும். வரி கட்டிய வண்டியைச் சோர்ன் கொடுத்திருந்தால், மீதமிருந்த முழு மாதங்களுக்கான பணம் அப்போதே காசோலையாக வந்திருக்க வேண்டும். வராதவர்கள் அதையும் டிவிஎல்ஏவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.